அடிபம்புக்கு வண்ணம் வந்த கதை

வங்கத்துக் கிராமங்களில் ஒரு காலத்தில் குடிநீர் என்றால் குளத்து நீர்தான். மாடு குளித்ததும் துணி துவைத்ததும் அதே குளத்தில்தான். காலராவும் வயிற்றுப்போக்கும் பிள்ளைகளை வாரிக்கொண்டு போயின. 1970-களில் யூனிசெஃப் உதவியோடு பங்களாதேஷ் அரசு ஊர் ஊராக அடிபம்பு இறக்கியது. தண்ணீர் தெளிவாக வந்தது, குளத்துக் கிருமிகளும் இல்லை. கையில் காசிருந்தவர்கள் வீட்டு முற்றத்திலேயே குழாய் இறக்கினார்கள். அந்தத் தண்ணீரில் ஆர்சனிக் இருக்கிறதா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

1983-ல், எல்லைக்கு இந்தப் பக்கம், கல்கத்தாவில் தோல் மருத்துவர் கே. சி. சாஹாவிடம் மேற்கு வங்கக் கிராமத்தவர்கள் வந்தார்கள். உடம்பெல்லாம் கரும்புள்ளிகள், உள்ளங்கை தடித்துச் சொரசொரத்திருந்தது. ஆர்சனிக் நஞ்சு என்று சாஹா கண்டுகொண்டார். 1993-ல் பங்களாதேஷின் சாப்பாய் நவாப்கஞ்சிலும் நிலத்தடி நீரில் அதே நஞ்சு. யாரும் கொட்டாத விஷம் பூமிக்குள் எப்படி வந்தது?

பாசனத்துக்கு நீரை உறிஞ்சியதால் நிலத்துக்குள் காற்று புகுந்தது, அதுதான் ஆர்சனிக்கைக் கிளப்பிவிட்டது என்றார்கள் சிலர். உண்மை நேர்மாறாக இருந்தது.

இமயத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்த மணல் துகள்களில் இரும்புத் துரு படிந்திருந்தது, துருவில் ஆர்சனிக் ஒட்டியிருந்தது. வண்டலோடு புதைந்த இலைதழைகளை நுண்ணுயிர்கள் தின்று செரித்தன. ஆக்சிஜன் இருந்தவரை அதைச் சுவாசித்தன. அது தீர்ந்ததும் நைட்ரேட், அதுவும் தீர்ந்ததும் துரு! துரு கரைய, ஆர்சனிக்கும் தண்ணீரில் இறங்கியது. இறைத்தபோது தெளிவாக இருந்த தண்ணீர் குடத்தில் சற்று நின்றதும் பழுப்பேறிய வீடுகள் எத்தனையோ. கரைந்த இரும்பு காற்றுப் பட்டு மறுபடி துருவானதன் அடையாளம் அது. மேலே இருந்த கிருமிக்குத் தப்பி வந்தவர்களைக் கீழே இருந்த கிருமி மடக்கியது. 2004-ல் மான்செஸ்டர் விஞ்ஞானிகள் வங்க மண்ணை ஆக்சிஜன் புகாமல் அடைத்து, நுண்ணுயிர்களுக்கு அசிட்டேட்டை உணவாகக் கொடுத்தார்கள். ஆர்சனிக் கூடுதலாக வெளியேறியது.

காரணம் துலங்கும்வரை தாகம் காத்திருக்குமா? களப்பணியாளர்கள் சிறு புட்டியும் சோதனைத் தாளுமாக ஏற்கெனவே ஊர் ஊராகக் கிளம்பியிருந்தார்கள். தாளில் ஏறிய கறையைப் பார்த்து, கையோடு குழாய் மூக்கில் வண்ணம் பூசினார்கள். லிட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டினால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை. பங்களாதேஷில் சுமார் 50 லட்சம் பம்புகளைச் சோதித்ததில் ஏறக்குறைய 14 லட்சம் சிவப்பாயின.

உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோலோ 10 மைக்ரோகிராம்தான். பச்சைப் பம்பு அத்தனையும் அதில் தேறிவிடாது.