பனிக்கால மாலை, ஒரே கூடத்தில் எட்டுக் குதிரைகள்: மோதாமல் சவாரி செய்வது எப்படி?

டிசம்பர் மாதத்தில் ஜெர்மனியின் பெர்லினில் மாலை 4 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். வெளியே இருக்கும் சவாரி மைதானம் பனியில் உறைந்து கல் மாதிரி ஆகிவிடும். அந்தத் தரையில் குதிரையை ஓடவிட்டால் குளம்பும் மூட்டும் அடி வாங்கும். வேலை முடிந்து லாயத்துக்கு வருபவர்களுக்கு மிச்சம் இருப்பது ஒரே இடம்தான், கூரை போட்ட சவாரிக் கூடம். 'ரைட்ஹாலே' என்பார்கள். கோடையில் காலியாகக் கிடக்கும் அந்தக் கூடம், குளிர்கால மாலைகளில் நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆகிவிடும்.

குளிருக்குப் பயந்து கூரைக்குக் கீழே போவது புது வழக்கமும் இல்லை. வியன்னாவில் இருக்கும் புகழ்பெற்ற ஸ்பானிஷ் சவாரிப் பள்ளியின் கூடத்துக்குப் பெயரே 'குளிர்கால சவாரிப் பள்ளி'தான். 1735-ல் கட்டி முடித்தார்கள்.

2023-ல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில், 41 ஆண்டுகளுக்குப் பிறகு குதிரையேற்றத்தில் இந்தியாவுக்குத் தங்கம் கிடைத்தது. அந்த டிரெஸ்ஸாஜ் அணியில் இருந்த அனுஷ் அகர்வல்லா ஜெர்மனியில் பயிற்சி எடுத்தவர். அங்கே சவாரி கற்கப் போகும் யாரும் முதலில் பழக வேண்டியது இந்தக் கூடத்தின் டிராஃபிக் விதிகளைத்தான்.

5 வினாடி கணக்கு

வழக்கமான கூடத்தின் அளவு 20 மீட்டர் அகலம், 40 மீட்டர் நீளம். மொத்தம் 800 சதுர மீட்டர். எட்டுக் குதிரைகள் என்றால் ஆளுக்கு 100 சதுர மீட்டர் வருகிறதே, தாராளம்தானே என்று தோன்றும். ஆனால் குதிரை ஒரே இடத்தில் நிற்பதில்லை. கேண்டர் எனப்படும் மிதமான ஓட்டத்தில் மணிக்கு 15 கி.மீ. வேகம் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு குதிரைகள் கூடத்தின் இரு முனைகளிலிருந்து எதிரெதிரே வந்தால், இடையில் இருக்கும் 40 மீட்டர் 5 வினாடிக்குள் தீர்ந்துவிடும். வருவது 500, 600 கிலோ எடையுள்ள விலங்கு. பைக் மாதிரி பிரேக் பிடித்து நிறுத்த முடியாது. எதிரே வரும் குதிரையைப் பார்த்து மிரளவும் செய்யும், காதை மடக்கி உதைக்கவும் செய்யும்.

இடது தோளுக்கு இடது தோள்

அதனால்தான் முதல் விதி. சுவர் தனக்கு வலது பக்கம் இருக்கும்படி, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுபவர், சுவரோரத் தடத்திலேயே போகலாம். எதிரே வருபவர்தான் உள்பக்கம் விலகணும். இப்படிக் கடக்கும்போது இருவரின் இடது தோள்களும் பக்கத்தில் வரும்.

நம்ம ஊர்ச் சாலையில் இடது பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது அப்படியே தலைகீழ். முதல் சில நாட்கள் கை தன்னையறியாமல் கடிவாளத்தைத் தப்பான பக்கம் இழுக்கும். ஜெர்மனியில் வாகனங்களும் வலது பக்கம் போவதால் அவர்களுக்குச் சிரமம் இல்லை. வேடிக்கை என்னவென்றால், சாலையில் நம்மைப் போல இடது பக்கம் போகும் பிரிட்டனிலும் சவாரிக் கூடத்துக்குள் இதே 'இடதுக்கு இடது' விதிதான்.

இரண்டாவது விதி, கூடம் முழுவதையும் சுற்றுபவருக்கே முன்னுரிமை. நடுவில் வட்டம் போடுபவர் அவருக்கு வழிவிடணும். மூன்றாவது, வெறுமனே நடப்பவர்கள் சுவரோரத் தடத்தை விட்டு உள்ளே வந்துவிடணும். வேகமாக வருபவர்களுக்கு அந்தத் தடம் காலியாக இருக்கணும்.

சிக்கலே இந்த மூன்றாவது விதியில்தான். குளிரில் குதிரையின் தசைகள் இறுகி இருக்கும். அதனால் ஓடவிடும் முன் 10, 15 நிமிடமாவது நடத்தியே சூடேற்ற வேண்டும். முடித்த பிறகும் நடத்தியே ஆற வைக்கணும். குளிர்காலத்தில் நடப்பவர்கள் கூட்டம் அதிகம், நடக்கும் நேரமும் அதிகம். விதிப்படி எல்லோரும் உள்பக்கம் வந்தால், நடுப்பகுதி அடைத்துக்கொள்ளும். வட்டம் போட வந்தவருக்கு இடமே இருக்காது. இரண்டு பேர் பேசிக்கொண்டே பக்கம் பக்கமாக நடந்தால் சொல்லவே வேண்டாம்.

"கதவு காலியா?"

கூடத்துக்குள் குதிரையோடு வருபவர் கதவைத் திறக்கும் முன் வெளியிலிருந்தே சத்தமாகக் கேட்க வேண்டும்: "ட்யூர் ஃப்ரை?" கதவு காலியா என்று அர்த்தம். உள்ளேயிருந்து யாராவது "இஸ்ட் ஃப்ரை", காலிதான் என்று பதில் சொன்ன பிறகே திறக்கணும். வெளியே போகும்போதும் இதே கதைதான். கதவையொட்டி ஒரு குதிரை ஓடிவரும் நேரத்தில் சட்டென்று கதவு திறந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கூச்சப்பட்டு மெல்லக் கேட்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு.

ஏறுவதும் இறங்குவதும் கூடத்தின் நடுவில்தான், தடத்தில் இல்லை. முன்னால் போகும் குதிரைக்கும் பின்னால் வருவதற்கும் இடையே குறைந்தது ஒரு குதிரை நீளம் இடைவெளி வேண்டும். வாலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தால் அது அலங்காரம் இல்லை. இந்தக் குதிரை உதைக்கும், தள்ளி வா என்ற எச்சரிக்கை.

இன்னொரு தகராறு கயிறு. குதிரையின் மேல் ஏறாமல், 7, 8 மீட்டர் நீளக் கயிற்றில் பிடித்து வட்டமாக ஓடவிடுவார்கள். 20 மீட்டர் அகலக் கூடத்தில் அந்த வட்டமே சுமார் 15 மீட்டரைத் தின்றுவிடும். எனவே உள்ளே சவாரி செய்பவர்கள் எல்லோரும் சம்மதித்தால்தான் கயிற்றில் ஓட்டலாம்.

கூரையிலிருந்து சரியும் பனி

குளிர்காலத்தில் மேய்ச்சல் நிலம் உறைந்தோ சேறாகவோ கிடக்கும். குதிரை நாளின் பெரும்பகுதி லாயத்திலேயே நிற்கும். அடக்கி வைத்த சக்தி எல்லாம் கூடத்துக்குள் வந்ததும் துள்ளலாக வெளிவரும். அந்த நேரம் பார்த்து, கூரையில் சேர்ந்த பனி இளகித் தடாலென்று சரியும். உள்ளே அந்தச் சத்தம் இடி மாதிரி கேட்கும். ஒரு குதிரை மிரண்டால் மற்றவையும் மிரளும். கூட்டமாக வாழ்ந்து, கூட்டமாகவே தப்பி ஓடிப் பழகிய விலங்கு அது.

இங்கேதான் விதிப் புத்தகம் கைகொடுக்காது. யாராவது கீழே விழுந்தாலோ, குதிரை கட்டுக்குள் இல்லாமல் ஓடினாலோ, மற்ற எல்லோரும் உடனே நடைக்கு வந்து நின்றுவிட வேண்டும். முன்னுரிமை தனக்குத்தான் என்று தொடர்ந்து ஓட்டுபவர் விதிப்படி சரியாக இருக்கலாம். ஆனால் எதிரே மிரண்ட குதிரையில் உட்கார்ந்திருக்கும் சிறுமியால் விலக முடியாது. விலக முடிந்தவர் விலகுவதுதான் நியாயம். நல்ல பயிற்சியாளர்கள் "குதிரையின் கழுத்தைப் பார்க்காதே, தலையை நிமிர்த்தி எதிரே பார்" என்று ஓயாமல் கத்துவதும் இதனால்தான்.

முடித்துவிட்டுக் கிளம்பும் முன் குதிரை போட்ட லத்தியை அவரவரே அள்ள வேண்டும். விட்டால் குளம்பில் மிதிபட்டு மணலோடு கலந்து, காய்ந்து தூசியாகும். உறைந்துவிடும் என்பதால் கடுங்குளிரில் மணலுக்குத் தண்ணீரும் தெளிக்க முடியாது. சில இடங்களில் மக்னீசியம் குளோரைடு உப்பைக் கலப்பார்கள். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், மணல் உறைவதையும் தள்ளிப்போடும். கடைசி வேலை, வியர்த்த குதிரையின் மேல் ஒரு கம்பளிப் போர்வை. குளிர்காலத்துக்கு வளர்ந்த அடர்த்தியான முடிக்குள் வியர்வை சீக்கிரம் காயாது. போர்வை போட்டு, இன்னும் இரண்டு சுற்று நடத்திய பிறகே லாயத்துக்கு. அந்த இரண்டு சுற்றும் உள்பக்கமாகத்தான்.