வற்றும் கண்மாயும் மின்வலையும்

நன்னீர் மீன்களின் தொகையை மதிப்பிடும் சாஸ்திரத்தில் நெடுநாளைய சங்கடம் ஒன்றுண்டு: ஆராய்ச்சியாளன் எண்ணுவது நீரில் வாழும் மீனை அன்று, தன் வலையில் அகப்பட்ட மீனையே. செவுள்வலை தன் கண்ணின் அளவுக்கு ஒத்த மீனை மட்டுமே கோக்கும். வீச்சுவலையோ கருவேலந்தூரும் பாசியும் மண்டிய இடங்களில் விரியமாட்டாது.

இச்சங்கடத்தைக் குறைக்கும் சாதனங்களுள் ஒன்று, அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்குப் பணித்துறையினர் மிசூரி மாநிலத்தில் பயன்படுத்தி வரும் படகு மின்வலை. 1970களில் வளர்ப்புக்கெனக் கொண்டுவரப்பட்டு மிசிசிப்பி ஆற்றமைப்பெங்கும் பரவிவிட்ட வெள்ளிக்கெண்டை, படகின் ஓசை கேட்டதும் துள்ளித் தப்புவது. அதனை அளவிடும் தேவையே இச்சாதனத்துக்குக் காரணமாயிற்று. படகின் முகப்பில் உறுதியான சட்டத்தில் வலையைப் பூட்டி, அதற்கு முன்னே நேர்மின்முனைகளைத் தொங்கவிட்டு, விட்டுவிட்டுத் துடிக்கும் நேர்மின்சாரத்தைச் செலுத்தியவாறு படகை முன்னோக்கி ஓட்டினால், மயங்கிய மீன்கள் பெரிதும் சிறிதும் ஒருங்கே வலைக்குள் வந்து சேரும். சட்டத்தின் அகலத்தை ஓடிய தூரத்தால் பெருக்க, அரித்த பரப்பு தெரிந்துவிடுவதால், ஓர் இடத்தின் கணக்கை மற்றோர் இடத்தின் கணக்கோடு ஒப்பிடலாம். ஆயினும் பட்சபாதம் முற்றும் ஒழிவதில்லை. நீண்ட உடலின் தலைக்கும் வாலுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு மிகுதியாதலின், பெரிய மீன் விரைவில் மயங்கும், சிறியது தப்பும். அத்தப்புதலின் விகிதத்தை அறிய, நீரிலிருந்த மொத்த மீனும் தெரிந்திருக்கவேண்டும். வற்றாத பேராறுகளில் அது எளிதிற் கிட்டுவதன்று.

இங்கேதான் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கண்மாய்கள் ஓர் அரிய வாய்ப்பைத் தருகின்றன என்பது என் அபிப்பிராயம். மேற்குமலையிலிருந்து இறங்கும் ஓடைகளாலும் ஐப்பசி, கார்த்திகை மழையாலும் நிரம்பும் இந்நீர்நிலைகளுட் பல, கோடைக்குள் அடிமண் தெரிய வற்றிவிடுகின்றன. அப்போது ஊரார் இறங்கி அள்ளுவது மாதிரியன்று, ஏறக்குறைய முழுத்தொகை. நீர் இடுப்பளவாவது நிற்கும்போது சிறு படகைக்கொண்டு மின்வலையை இழுத்துப் பிடித்ததை அளந்து உயிரோடு விட்டுவிட்டு, வற்றியபின் இனம் இனமாக எண்ணினால், வலையின் திறன் நேரடிப் பிரமாணத்தால் நிறுவப்படும். இரண்டிற்கும் இடைப்பட்ட காலம் குறுகியதாக இருத்தல் அவசியம். கொக்கும் நாரையும் நாள்தோறும் கொள்வது கொஞ்சமன்று, மடைவழியே செல்வதும் உண்டு, விராலும் குறவையும் சேற்றுக்குள் புதையும். மீன்பாசிக் குத்தகைதாரர் விலைபோகும் கட்லாவையும் ரோகுவையும் முன்னரே பிடித்துவிடுவாராதலின், அவரும் இப்பரீட்சையில் பங்காளியாகவேண்டும். அவர் கணக்கில் ஏறாத அயிரை, உளுவை, கெளுத்தி ஆகியவற்றுக்காகவே இவ்வளவு உழைப்பும் தகும். 1952இல் இந்தியாவுக்கு வந்த சிலேபி நம் குளங்களில் வேரூன்றிவிட்ட இக்காலத்தில், நாட்டு மீன்களுள் எவை எஞ்சின என்பதை நாம் திட்டமாக அறிந்தே ஆகவேண்டும்.

நீரின் தன்மை மற்றொரு விஷயம். மலையோடை நீரில் உப்பு குறைவாதலின் மின்சாரம் அரிதாகப் பாயும். கோடைக் கண்மாயிலோ நீர் சுண்டச் சுண்டக் கடத்துதிறன் ஏறும். ஆகையால் ஒவ்வோர் இழுப்பின்போதும் அதனை அளந்து மின்னழுத்தத்தைத் திருத்தாவிடில் எண்கள் ஒவ்வா. 2021இல் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்து ஓடைகள், பாறை மிகுந்து படகுக்குப் பொருந்தாமையால் இம்முறைக்கு உரியன அல்ல. சட்டத்தையும் மறக்கலாகாது. 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம் வெடியையும் நஞ்சையும் வெளிப்படையாகத் தடுத்தது. கம்பியிலிருந்து களவாக மின்சாரம் இழுத்து மீனையும் சில வேளை மனிதனையும் மாய்க்கும் கொடுமை அதற்குப் பின்னர் வந்தது. ஆதலின் ஆய்வுக்குரிய மின்வலை அரசின் அனுமதியோடும், பயிற்சி பெற்றோர் கையாலும், ஊரார் அறியவுமே நீரில் இறங்கலாம்.

முதற்பரீட்சை வத்திராயிருப்பை அடுத்த பிளவக்கல் அணைகளில் அன்று, கண்மாயிலேயே நிகழவேண்டும். அங்கே இனந்தோறும் கிடைக்கும் விகிதங்களைக் கொண்டுதான், வற்றும்வரை காத்திருக்க இயலாத அவ்வணைநீரில் வலை காட்டும் எண்ணைத் திருத்திப் படிக்கமுடியும்.