கச்சேரிக்குப் பின்னால் ஒரு நிர்வாகி

பட்டுக்கும் கோயில்களுக்கும் பேர்போன காஞ்சிபுரமும், பேரேரியால் பெயர் பெற்ற தென்னேரி முதலிய சுற்றூர்களும் சேர்ந்த தொண்டை நாட்டில், பாடகி தனகோடி அம்மாளும் அவர் மரபில் தோன்றிய லயச் சிம்மமான நயினாப் பிள்ளையும் (1889–1934) கோலோச்சிய நாட்களில், வித்வானின் லௌகிகக் காரியங்களைப் பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்களே கவனித்தார்கள். வெற்றிலை பாக்கோடு அச்சாரம் வாங்கி, நாள் குறித்து, பக்கவாத்தியக்காரருக்குச் சொல்லியனுப்பினால் அவர்கள் வேலை முடிந்துவிடும். சபா, கிராமபோன், வானொலி, சினிமா ஆகிய நான்கும் அடுத்தடுத்து வந்து கலைஞரைப் பல திசைகளில் இழுக்கத் தொடங்கிய பிறகே, ஒப்பந்தமும் கணக்கும் பிரயாணமும் அறிந்த ஒருவர் இன்றியமையாதவர் ஆனார்.

அத்தகையவர்களில் தலைசிறந்தவர் தி. சதாசிவம். தேச விடுதலைக்காகச் சிறை சென்றவரும், ஆனந்த விகடனில் விளம்பர நிர்வாகியாக இருந்து பத்திரிகைத் தொழிலின் நுட்பம் கற்றவருமான அவர், 1940 ஜூலையில் திருநீர்மலையில் எம்.எஸ். சுப்புலட்சுமியை மணந்தார். மறு ஆண்டே எம்.எஸ். 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்து ஈட்டிய பணம், சதாசிவம் பங்குகொண்டு தொடங்கிய 'கல்கி' பத்திரிகைக்கு மூலதனமாயிற்று. 1945இல் தமிழிலும் 1947இல் இந்தியிலும் வெளிவந்த 'மீரா' அவர் குரலை வடநாடெங்கும் கொண்டு சென்றது.

கச்சேரியில் முன்வரிசையில் அமர்ந்து, சபையின் மனநிலையை அளந்து, எந்தக் கிருதிக்குப் பின் எது, விஸ்தாரம் எவ்வளவு, துக்கடா எப்போது என்று நிர்ணயித்தவர் சதாசிவமே. 1966 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். பாடியபோது, காஞ்சி மகாசுவாமிகள் அருளிய 'மைத்ரீம் பஜத' அங்கே ஒலித்தது.

மேல்நாட்டிலும் இத்தொழிலின் சரித்திரம் கவனத்துக்குரியது. லிவர்பூலில் இசைத்தட்டுக் கடை நடத்திய பிரையன் எப்ஸ்டைன் 1961இல் பீட்டில்ஸ் குழுவைக் கண்டெடுத்து, தோல்சட்டையைக் களைந்து கோட்டு அணிவித்து, உலகறியச் செய்து, வருமானத்தில் 25 சதவீதம் பெற்றார். எல்விஸ் பிரெஸ்லியின் நிர்வாகியான கர்னல் பார்க்கரோ பிற்காலத்தில் சரிபாதியே எடுத்துக்கொண்டார். சதாசிவமோ கஸ்தூர்பா நிதி முதலான எத்தனையோ நற்காரியங்களுக்குக் கச்சேரி வருவாயை வழங்கச் செய்தார். சுப்ரபாத இசைத்தட்டின் ஊதியம் திருப்பதி தேவஸ்தானத்துக்குச் சேர்ந்தது.

நிர்வாகியின் இத்தகைய பராமரிப்புக்கு ஒரு விலையும் உண்டு: தன் சங்கீதத்தைப் பற்றிய தீர்மானங்களில் பலவற்றைக் கலைஞர் பிறர் கையில் ஒப்படைத்துவிடுகிறார். 1997இல் சதாசிவம் மறைந்தபின் எம்.எஸ். மேடையேறவில்லை என்பதை நினைக்குந்தோறும், அந்தப் பிணைப்பின் ஆழமும் பாரமும் ஒருங்கே புலப்படுகின்றன. ஆயினும், ஒரு குரலை விற்பதோடு நில்லாமல், அது எதன்பொருட்டு ஒலிக்கவேண்டும் என்றும் சிந்தித்த நிர்வாகிக்கு, ராகத்தையும் தாளத்தையும் மட்டுமே எழுதிவரும் நம் சங்கீத சரித்திரம் ஓர் அத்தியாயம் கடன்பட்டிருக்கிறது.