சுவர்களும் பாடும்: வீட்டு ஒலிப்பதிவு அறையின் வரலாறு

தோட்டப்புறப் பாட்டிமார்களின் தாலாட்டையும் ஒப்பாரியையும் ஒலிப்பதிவு செய்து காக்க வேண்டும் என்னும் ஆர்வம் நம் இளைஞர்களிடையே பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியது. ராசா வட்டாரத்தில் லயன்களில் பிறந்து, பால்மரம் சீவி, இன்று தாமான் வீடுகளில் முதுமையைக் கழிப்பவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களுக்குப் பின் அப்பாடல்களைப் பாட ஆளில்லை. ஆயினும், பதிவாகி வரும் குரல்களைச் செவிமடுத்தால், பலவற்றில் சொற்கள் கிணற்றின் அடியிலிருந்து எழுவனபோல் கேட்கின்றன. குற்றம் ஒலிவாங்கியில் இல்லை, அறையில் இருக்கிறது. லயன் வீட்டின் மெல்லிய பலகைச் சுவர் ஒலியை வெளியே விட்டது. சிமெண்டுச் சுவரும் தரை ஓடும் கொண்ட தாமான் வீடு அதை உள்ளேயே அடைத்துத் திருப்பித் தருகிறது.

இந்தச் சிக்கலுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

1902 நவம்பரில் பிரெட் கைஸ்பர்க் என்பார் கல்கத்தாவில் ஒரு தங்கும் விடுதியின் அறையிலேயே கௌஹர் ஜானின் பாட்டை இசைத்தட்டில் பதிந்தார். அக்காலத்தில் மின் ஒலிவாங்கி கிடையாது. பெரிய கூம்புக்குழாயின் வாய்க்கு அருகே நின்று உரக்கப் பாட வேண்டும். அருகிலிருந்து வரும் வலுவான ஒலியே தட்டில் ஏறியதால், அறையின் எதிரொலி பெரிய இடையூறாக இல்லை. 1925இல் மின்முறைப் பதிவு வந்ததும் நிலைமை மாறியது. ஒலிவாங்கி பாடகரின் மூச்சையும் கேட்டது, சுவரின் முணுமுணுப்பையும் கேட்டது.

வானொலிக்காரர்கள் இதைச் சற்று முன்னரே உணர்ந்துவிட்டனர். 1923இல் இலண்டன் சவோய் ஹில்லில் தொடங்கிய பிபிசி நிலையத்தின் அறைகளில் கனத்த திரைகளைச் சுற்றிலும் தொங்கவிட்டனர். எதிரொலி போயிற்று, கூடவே இசையின் உயிரும் போயிற்று. துணி மேல்சுர ஒலிகளைத்தான் விழுங்கும். கீழ்ச்சுர ஒலிகள் அதைப் பொருட்படுத்தாமல் கடந்து சென்று சுவரில் மோதித் திரும்பும். இந்தத் தவற்றை இன்றும் நாம் கம்பளத்தைக் கொண்டு செய்து வருகிறோம்.

இதற்கான கணக்கை வகுத்துத் தந்தவர் அமெரிக்காவின் வாலஸ் சபைன். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விரிவுரைக் கூடம் ஒன்றில் பேச்சே விளங்கவில்லை என்று அவரிடம் ஒப்படைத்தனர். அங்கே ஒரு சொல்லின் ஒலி அடங்க ஐந்து விநாடிக்கு மேல் ஆயிற்று. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழாயை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்து, விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்தார். திறந்த சன்னலின் வழியே போன ஒலி திரும்பாது அல்லவா? அதையே ஒலி உறிஞ்சுதலின் அலகாகக் கொண்டார். அறையின் கன அளவு கூடினால் ஒலி நீளும். உறிஞ்சும் பரப்பு கூடினால் ஒலி குறுகும். அவர் கண்ட சூத்திரத்தின் சாரம் இதுதான். மெத்தை சுமந்த பேராசிரியரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

தமிழ்நாட்டிலோ முதற்பகை எதிரொலி அன்று, காகம். 1934இல் ஏ. நாராயணன் சென்னையில் சீனிவாசா சினிடோன் என்னும் பேசும்பட நிலையத்தை நிறுவினார். அவர் துணைவியார் மீனாட்சி நாராயணனே அங்கு ஒலிப்பதிவாளர். இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என அறியப்படுபவர். ஒலித்தடுப்பு இல்லாத நிலையங்களில் நடிகர் வசனம் பேசும்போதே காகம் கரையும். அவற்றை விரட்டத் துப்பாக்கியுடன் ஆள் நிறுத்தப்பட்டதைத் திரைப்பட வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். 1938இல் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரின் ‘நந்தகுமார்’ படத்தில் பின்னணிப் பாடும் முறை கையாளப்பட்டது. அதன்பின் பாட்டு வெளியிலிருந்து மூடிய அறைக்குள் குடிபெயர்ந்தது.

அரை நூற்றாண்டு கழித்து அந்த அறை வீட்டுக்குள் வந்தது. 1989இல் ஏ.ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டிப் பஞ்சதன் என்னும் சிறு ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். 1992இல் வெளிவந்த ‘ரோஜா’வின் இசை அங்கே உருவாயிற்று. பெரிய அரங்கில் வாத்தியக்குழு முழுவதையும் அமர்த்திப் பதிவதே வழக்கமாக இருந்த ஊரில் இது பெருந்துணிவு. அவர் இரவில் பணியாற்றுவதும் பலரறிந்த செய்தி. இரவின் அமைதியைப் போல் மலிவான ஒலித்தடுப்பு வேறில்லை. சபைனும் இரவைத்தானே தேர்ந்தெடுத்தார்.

இனி நம் அறைக்கு வருவோம். 3 மீட்டர் அகலம், 3.6 மீட்டர் நீளம், 2.7 மீட்டர் உயரமுள்ள வெற்றறையை எடுத்துக்கொள்வோம். சுவர், தரை, கூரை யாவும் தம்மீது படும் ஒலியில் நூற்றுக்கு 4 பங்கையே உறிஞ்சுகின்றன என்று கொண்டால், சபைன் கணக்குப்படி ஒலி அடங்க ஏறத்தாழ 2 விநாடி ஆகும். பாட்டி அடுத்த அடியைத் தொடங்கும்போதும் முந்திய அடி அறைக்குள் உலவிக்கொண்டிருக்கும். நன்கு உறிஞ்சும் பொருளை 8 சதுர மீட்டர் அளவுக்குச் சுவர்களில் வைத்தால் அது அரை விநாடியாகிவிடும்.

எந்தப் பொருள்? முட்டை அட்டை அன்று. அது கீழ்ச்சுரத்தையும் நடுச்சுரத்தையும் ஏறத்தாழ அப்படியே விட்டுவிடும். எளிதில் தீயும் பற்றும். இரண்டு அங்குல முதல் நான்கு அங்குலத் தடிப்புள்ள பாறைக்கம்பளிப் பலகையைத் துணியால் மூடி, சுவரிலிருந்து சற்று விலக்கி மாட்டுவது சிறந்தது. வசதியில்லாதவர் பழைய இலவம் பஞ்சு மெத்தைகளைச் சுவரோரம் நிமிர்த்தி வைக்கலாம். தடிப்பே இங்கு முதன்மையானது. உறுமியின் 100 ஹெர்ட்ஸ் அதிர்வுக்கு அலைநீளம் சுமார் மூன்றரை மீட்டர். ஓர் அங்குலப் பஞ்சு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. எனவே உறுமி மேளத்தை வீட்டறையில் பதிய முயலாதீர்கள். திறந்த வெளியே அதற்கு ஏற்றது.

இவையெல்லாம் உள்ளிருக்கும் ஒலியை அடக்குவதற்கே. வெளியே போகும் மோட்டார் சைக்கிளின் ஓசையையும், தகரக் கூரையில் விழும் மழையையும் மெத்தை தடுக்காது. அதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். அல்லது பொறுமை வேண்டும்.

பாட்டியை அறையின் நடுவிலும் மூலையிலும் அமர்த்தாமல், அவர் முகம் நோக்கும் சுவரில் ஒரு மெத்தையும், முதுகுக்குப் பின்னே ஒன்றும் இருக்கும்படி அமர்த்துங்கள். ஒலிவாங்கி ஒரு முழத் தொலைவில் இருக்கட்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, எவரும் பேசாத அரை நிமிட அமைதியை முதலில் பதிந்துகொள்ளுங்கள். பின்னர் கணினியில் இரைச்சலை நீக்க அது உதவும். எதிரொலியைக் குறைக்கும் மென்பொருள்களும் இப்போது உள்ளன. ஆனால் குரலோடு கலந்துவிட்ட சுவரின் ஒலியை முற்றாகப் பிரித்தெடுப்பது அரிது.