பெனலபியின் தறி

பெனலபியின் கதை வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். ட்ராய் யுத்தத்துக்குப் போன கணவன் திரும்பவில்லை. அவளை மணக்க வேண்டுமென்று வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்ட பிரபுக்களிடம், மாமனாருக்கு ஈமத் துணி நெய்து முடித்தபின் பதில் சொல்வதாகச் சொல்கிறாள். பகலில் நெய்வதும் இரவில் பிரிப்பதுமாக மூன்று வருஷத்தை ஓட்டிவிடுகிறாள். படிக்கும்போதெல்லாம் எனக்கொரு சந்தேகம். ஒரு துணிக்கு மூன்று வருஷமா? அத்தனை ஆண்பிள்ளைகளும் அசடர்களா? நான் இப்படி ஒரு கதை எழுதினால் எந்தப் பத்திரிகாசிரியரும் ஒப்பமாட்டார்.

கிரேக்கர்களின் தறியைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு சந்தேகம் பாதி தீர்ந்தது. கி.மு. ஆறாம் நூற்றாண்டின் நடுவில் ஏதென்ஸில் செய்த எண்ணெய்க் குடுவை ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிறது. ஒரு சாண் உயரங்கூட இல்லை. அதைச் சுற்றிலும் பெண்கள்: கம்பளியை நிறுக்கிறார்கள், நூற்கிறார்கள், நெய்கிறார்கள், நெய்த துணியை மடிக்கிறார்கள். தறி நம் குழித்தறிபோலப் படுத்திருக்கவில்லை, நிமிர்ந்து நிற்கிறது. மேல் கட்டையிலிருந்து பாவு தொங்குகிறது. அது விறைப்பாக நிற்பதற்கு அடியில் களிமண் குண்டுகளைக் கட்டியிருப்பார்கள். ஊடை நூலை மேல்நோக்கித் தட்ட வேண்டும். உட்கார வழியில்லை. நின்றும் நடந்துமே நெய்ய வேண்டும்.

அதுவும் கடைசி வேலைதான். முதலில் நூல் வேண்டுமே! ராட்டை ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது இடைக்காலத்தில். அதுவரை தக்களிதான். நெய்கிறவள் ஒருத்திக்கு நூல் கொடுக்கப் பல கைகள் ஓயாமல் சுழற்ற வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் பிரபுக்களுக்கு எங்கே தெரியும்? அவர்களுக்கு உடுத்தத் தெரியும். பெனலபி பிழைத்தது அவர்களுடைய அறியாமையால்தான் என்று நினைக்கிறேன். கடைசியில் அவளைக் காட்டிக்கொடுத்தது வீட்டுப் பணிப்பெண். வேலை தெரிந்தவள் அல்லவா?

ரோமாபுரியில் அகஸ்டஸ் சக்கரவர்த்தி, தம் வீட்டுப் பெண்கள் செய்த உடையையே உடுத்துவாராம். ஸ்யூடோனியஸ் எழுதியிருக்கிறார். சக்கரவர்த்தி உடுத்தினால் சரித்திரத்தில் ஏறிவிடுகிறது.

கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேயில் ஒரு வீட்டுச் சுவரில் வேறொரு கணக்கு கீறியிருக்கிறது. நூற்கும் பெண்களின் பெயர். பெயருக்கு எதிரே அவளுக்கு நிறுத்துக் கொடுத்த பங்கு. டோரிஸ், லாலகே, அமரில்லிஸ், ஃப்ளோரெண்டினா... பதினொரு பேர் வரை இருக்கிறார்கள். அடிமைகளாக இருந்திருக்க வேண்டும். அந்த நூல் யாருக்கு உடையாயிற்று என்று சுவரில் இல்லை.