எஸ்எம்பி1: தாழ் போடாத கொல்லைக்கதவு

புனேயிலும் நொய்டாவிலும் நம்மவர்கள் சிலர் பழைய கம்ப்யூட்டரில் சம்பா போட்டு ஊர்க் கல்யாண போட்டோக்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அது பேசும் மொழி எஸ்எம்பி. 1980களில் ஐபிஎம்மில் பாரி ஃபைகன்பாம் உருவாக்கியது. விண்டோஸ் விஸ்டாவோடு எஸ்எம்பி2 வந்தபிறகும், பழைய பிரிண்டருக்காக, எக்ஸ்பிக்காக என்று முதல் வடிவத்தைப் பலரும் மூடவில்லை. புழங்காத கொல்லைக்கதவு மாதிரி கிடந்தது.

2016 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டின் நெட் பைல், அதை நிறுத்தச் சொல்லி எழுதினார். யார் கேட்டார்கள்? 2017 மார்ச்சில் ஓட்டையை அடைக்க பேட்ச் வந்தது. ஏப்ரலில் அமெரிக்க உளவு அமைப்பு என்எஸ்ஏவின் எடர்னல்புளூ கசிந்தது. மே 12, வான்னாக்ரை! இங்கிலாந்தில் ஆம்புலன்ஸ்களை வேறு ஆஸ்பத்திரிகளுக்குத் திருப்பினார்கள். யாரும் எதையும் க்ளிக் செய்யவே வேண்டாம், பேட்ச் போடாத விண்டோஸில் 445ஆம் போர்ட் திறந்திருந்தால் போதும் என்பதுதான் திகில்.

குறி விண்டோஸ்தான், சம்பா அல்ல. ஆனாலும் எஸ்எம்பி3 தரும் என்க்ரிப்ஷன் எஸ்எம்பி1இல் இல்லையே. சம்பாவும் 2019 செப்டம்பரில், 4.11இல்தான் அதைத் தானாகவே அணைத்து வைத்தது. அதற்கு முந்தையது ஓடுகிறதென்றால், கான்ஃபிக் ஃபைலில் குறைந்தபட்ச புரோட்டோகாலை எஸ்எம்பி2 என்று மாற்றுங்கள். யாரும் தொடாத எஃப்டிபி இருந்தால் அதையும் அணைத்துவிடலாம்.

பழைய டிவி பாக்ஸில் ஃபோல்டர் தெரியவில்லை என்று வீட்டில் திட்டு விழும். பாக்ஸை மாற்றுங்கள், செட்டிங்கை அல்ல!