அலர்: பூவும் ஊர்ப்பேச்சும்

திருவனந்தபுரத்துக்கு வந்த புதிதில் ‘அலர்சர பரிதாபம்’ என்று காதில் விழுந்ததும் நான் நினைத்துக்கொண்டது பூச்சரத்தை. சாலைக் கடைத்தெருவில் தோவாளைப் பிச்சிப்பூவை முழம் போட்டு வாங்கிப் பழகியவருக்குச் சரம் என்றால் வேறென்ன தோன்றும்? மன்னர் சுவாதித் திருநாள் (1813–1846) சுருட்டி ராகத்தில் அமைத்த மலையாளப் பதம் அது. மோகினியாட்ட மேடையில் அடிக்கடி கேட்கலாம். அங்கே சரம் என்பது அம்பு. பூவை அம்பாக எய்யும் மன்மதன்தான் அலர்சரன். பரிதாபமும் நாம் சொல்லும் ‘ஐயோ பாவம்’ இல்லை. உடம்பைச் சுடும் தாபம். அதைச் சொல்லி மாளாது என்று தோழியிடம் ஒருத்தி முறையிடுகிறாள். பாட்டின் பொருள் அவ்வளவுதான்.

சரமும் பரிதாபமும் வடசொற்கள். அலர் மட்டும் தமிழும் மலையாளமும் பங்குபோட்டுக்கொண்ட சொத்து. அலர்தல் என்றால் விரிதல். விரிந்ததால் பூவுக்கும் அதுவே பெயர். தமிழ் அதோடு நிற்கவில்லை. காதலர் இருவரைப் பற்றி ஊர் வாய்விட்டுப் பேசுவதையும் அலர் என்றது. திருக்குறளில் 115-ஆம் அதிகாரமே ‘அலரறிவுறுத்தல்’. அலருக்கு முந்தைய கட்டம் ‘அம்பல்’. இறையனார் களவியல் உரை இதை அழகாகப் பிரிக்கிறது: பெயர் வெளிப்படாமல் மொட்டாக முகிழ்க்கும் முணுமுணுப்பு அம்பல், இன்னாரோடு இன்னார் என்று விளங்கிவிட்டால் அலர்.

அந்த உரைகாரர் பிச்சிப்பூவைப் பார்த்துத்தான் எழுதினாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. காலையில் வாங்கும்போது அது விறைத்த மொட்டு. மூக்கருகே கொண்டுபோனால்தான் வாசம். பொழுது சாய்ந்ததும் ஒவ்வொன்றாக வாய் திறக்கும். பிறகு யார் தலையில் பூ என்று கேட்கவே வேண்டாம், வாசலிலேயே தெரிந்துவிடும்.

பேச்சுத் தமிழில் இன்று இரண்டு பொருளுமே வழக்கொழிந்துவிட்டன. அலர்மேல்மங்கை தேய்ந்து அலமேலு ஆனாளே, அவள் பெயரில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதிலும் ரகரம் போய்விட்டது.

பதத்தில் வரும் அலர் வெறும் பூதான். ஆனாலும் தமிழ்க் காதுக்கு ஊர்ப்பேச்சும் சேர்ந்தே கேட்கிறது. அந்தப் பெண் ஒரே ஒரு தோழியிடம் சொல்கிறாள், அதுவும் சொல்ல வரவில்லை என்று சொல்கிறாள். உரைகாரர் கணக்கில் இது இன்னும் அம்பல்கூட ஆகவில்லை. பாட்டில் அப்போது சூரியன் கடலை நெருங்கிக்கொண்டிருக்கிறான். சாலைக் கடைத்தெருவில் வாங்கிய பிச்சி வாய் திறக்கும் நேரமும் அதுதான்.